அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

பள்ளிக்கூட லீவு வந்தால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் சுன்னத்து வீடுகள் களைகட்டும். புதுச் சாரன் வாங்குமுன் ஒன்றை விசாரியுங்கள்: நம் குடும்பத்தில் சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் வடிந்த ஆண் பிள்ளைகள் இருந்தார்களா? உம்மாவின் காக்கா தம்பிமார், ராத்தாவின் மகன்மார் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள்.

இரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதுதான் ஹீமோபீலியா. 8ஆம் காரணி குறைந்தால் 'ஏ' வகை, 9ஆம் காரணி குறைந்தால் 'பி' வகை. 'ஏ' வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெரும்பாலும் தாய் வழியாகவே வரும். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இருந்திராது. ஆகவே மருமகளைக் குறை சொல்லாதீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குர்துபாவின் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, ஆண்கள் மட்டும் காயத்தால் இரத்தம் வடிந்து இறந்த ஒரு கிராமத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

தவழும் பிள்ளைக்கு அடிக்கடி கன்றல், முழங்கால் வீக்கம், பல் விழுந்தால் நிற்காத இரத்தம் இவை அடையாளங்கள். கண்டால் கத்தி வைக்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் சுன்னத்தைப் பிற்போட மார்க்கம் இடம் தருகிறது. தக்க ஊசி மருந்துடன் வைத்தியசாலையில் பின்னர் செய்யலாம்.

நோய் உறுதியானால், துண்டு வெட்டும்போது அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 10ஆம் பதிப்பில் ஹீமோபீலியா 'ஏ' என்றால் டி 66. 'பி' என்றால் டி 67. பெண் பிள்ளைகளுக்கும் வரும் வொன் வில்பிராண்ட் நோய்க்கு டி 68.0.

வெறும் எண்தானே என்று எண்ணாதீர்கள். 8ஆம் காரணி ஊசி 'பி' வகைக்குப் பயன்படாது. "இரத்தப்போக்கு" என்று மட்டும் எழுதிய அட்டையுடன் நடுச்சாமத்தில் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓடினால், புதிய டொக்டர் முதலிலிருந்து தேட வேண்டும். நோயின் பெயரும் வகையும் காரணியின் அளவும் எண்ணும் தெளிவாக இருந்தால் நேரம் மிச்சமாகும். எத்தனை நோயாளர் என்ற கணக்கும் இந்த எண்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. கணக்கில் வராத பிள்ளைக்கு மருந்தை யார் எடுத்து வைப்பார்?

அட்டையின் பிரதியொன்றைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் கொடுங்கள். டொக்டரைக் கேளாமல் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். தசையில் ஊசி போடவும் விடாதீர்கள். துஆவும் கேளுங்கள், அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்க வேண்டும்!