இரவுப் படத்தில் எது இரைச்சல்?

2012 ஆம் ஆண்டின் பங்குனி மாத இரவொன்றில், மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள பேசாலையில் முக்காலியை நாட்டி, ஆசிரியபீடத்தின் பழைய ஆறு மெகாபிக்சல் கமராவைக் கடலை நோக்கித் திருப்பி வைத்திருந்தேன். தொடுவானில் தெரிந்த விளக்குகள் எல்லாம் இந்திய இழுவைப்படகுகளுடையவை என்றும், அவை தமது வலைகளை அறுத்துச் செல்வதைச் சொன்னால் கொழும்பில் எவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றும் என்னை அழைத்துச் சென்ற மீனவர்கள் முறையிட்டனர். ஒவ்வொன்றுக்கும் 30 செக்கன்கள் ஒளிபட விட்டு நான்கு படங்கள் எடுத்தேன்.

மூன்றாம் நாள் படம் வெளிவந்தது. கடல் கரும்பலகையைப் போலத் துப்புரவாக இருந்தது. தப்பியிருந்தவை இரண்டே இரண்டு விளக்குகள். அன்று காலையே மூத்த மீனவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ரெண்டு லைற்றுக்கோ நாங்கள் இவ்வளவு கத்தினது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பக்கத்தை வடிவமைத்த இளைஞர் படத்திலிருந்த புள்ளிகளை ‘இரைச்சல்’ என்று கருதி, போட்டோஷொப் தூரிகையால் ஒவ்வொன்றாக அழித்திருந்தார். அவரை முழுவதுமாகக் குறைகூற முடியாது. வானம் முழுவதும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன; ஒரு மூலையில் ஊதா நிறம் கசிந்திருந்தது. அந்தக் காலத்துக் கமராக்களில் நீண்ட நேரம் ஒளிபட விட்டு எடுத்த எவரும் இதை அறிவர்.

காரணம் எளிமையானது. கமராவின் உணரி ஒளியை மின்னேற்றமாக மாற்றுகிறது. ஆனால் ஒளியே படாதபோதும் வெப்பத்தினால் சிறிதளவு மின்னேற்றம் அதில் ஊறிக்கொண்டேயிருக்கும். நூறில் ஒரு செக்கனில் அது தெரியாது. 30 செக்கன்களில் சேர்ந்துவிடும். உணரியில் குறைபாடுள்ள சில பிக்சல்கள் ஏனையவற்றைவிட வேகமாக நிரம்பி, நிறப் புள்ளிகளாக ஒளிரும். ஏறத்தாழ ஆறேழு பாகை வெப்பம் கூடினால் இந்த ஊற்று இரட்டிப்பாகும். நுவரெலியாவின் குளிரில் எடுத்த படத்தைவிட, மன்னாரின் புழுக்கத்தில் அதே கமரா பல மடங்கு புள்ளிகளைக் காட்டுவது இதனால்தான். ஊதாக் கசிவோ, உணரிக்கு அருகிலுள்ள மின்சுற்றின் சூட்டிலிருந்து வருவது. விண்வெளியில் குளிரூட்டப்பட்டு இயங்கும் ஹபிள் தொலைநோக்கியே இதற்கு விலக்கல்ல. கதிர்வீச்சினால் பழுதுறும் பிக்சல்களைச் சீராக்க, அதன் உணரிகளை ஏறத்தாழ மாதமொருமுறை சூடாக்கிக் குளிரவிடுகிறார்கள்.

இந்தப் புள்ளிகளுக்கு ஒரு நேர்மையுண்டு. அவை இடம் மாறுவதில்லை. கமராவை எத்திசைக்குத் திருப்பினாலும் அதே பிக்சல்தான் ஒளிரும். ஆகவே வில்லையை மூடிவிட்டு, அதே சூட்டில் அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்தால் கமராவின் சொந்தப் புள்ளிகள் மட்டும் அதில் பதியும். அதை முதற்படத்திலிருந்து கழித்துவிடலாம். நீண்ட ஒளிபடலுக்கான இரைச்சல் குறைப்பை இயக்கினால், 30 செக்கன் படத்துக்குப் பின்னர் கமரா மேலும் 30 செக்கன்கள் பேசாமலிருப்பது இந்த வேலைக்காகத்தான். (பொறுமையற்ற பத்திரிகையாளர்கள் முதலில் நிறுத்திவைப்பதும் இதனைத்தான்.) மணல் தூவியதுபோல் படமெங்கும் பரவும் குருணையை இக்கழித்தலால் நீக்க முடியாது, அது சற்றுக் கூடவே செய்யும். அதற்குப் பல படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டும். பதினாறு படங்களின் சராசரியில் குருணை நாலில் ஒரு பங்காகும்.

அன்றிரவு வில்லையை மூடி ஐந்தாவது படமொன்றை நானும் எடுத்திருந்தேன். ஆனால் அலுவலகத்துக்கு அதை அனுப்பவில்லை. ஒரேயொரு ஜேபெக் படத்தை மட்டுமே அனுப்பினேன். பிழையில் பாதி என்னுடையது.

கழித்தல் அளவையின் பாற்பட்டது; துடைத்தல் ஊகத்தின் பாற்பட்டது. ஊகிப்பது மனிதக் கை மட்டுமல்ல. 2004 இல் வெளிவந்த நிக்கொன் டி70 கமரா, நீண்ட ஒளிபடலில் தனித்து ஒளிரும் பிக்சல்களைக் குறையெனக் கருதி, மூலக் கோப்பிலேயே மழுப்பிவிடும். வானியல் ஆர்வலர்கள் தமது படங்களில் மங்கலான விண்மீன்கள் காணாமற்போவதைக் கண்டார்கள். இரைச்சல் குறைப்பை இயக்கிவிட்டு, இரண்டாம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கமராவின் மின்னை நிறுத்தினால், தீண்டப்படாத கோப்பு கிடைக்கும் என்ற தந்திரத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். விண்மீனைக் காப்பாற்றக் கமராவை இடையில் அணைக்க வேண்டியிருந்தது!

இன்றைய கைத்தொலைபேசிகள் இரவில் எடுக்கும் படங்களில் புள்ளியோ குருணையோ இல்லை. பல படங்களை அடுக்கிச் சராசரி காண்பதுவரை எனக்கு ஆட்சேபமில்லை. அதற்கு மேல், அங்கே என்ன இருந்திருக்கக்கூடும் என்று தொலைபேசியே தீர்மானித்து வரையத் தொடங்கும்போதுதான் செய்தியாளனுக்கு அச்சம் எழவேண்டும். 2023 இல் ஒருவர் வேண்டுமென்றே மழுப்பிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் வைத்துச் சாம்சுங் தொலைபேசியால் எடுத்தபோது, திரையில் இல்லாத நுணுக்கங்களோடு நிலவு பதிவானது. நிலவுக்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு படகோ, இராணுவக் காவலரணோ, எரியும் வீடோ இருந்தால்?

ஆகவே இளம் செய்தியாளர்களிடம் நான் கேட்பது இதுதான். இரவுப் படத்தோடு அதன் மூலக் கோப்பையும் ஆசிரியபீடத்துக்குக் கொடுங்கள். கமராவில் எடுத்தால் வில்லை மூடிய படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கம் அமைப்போர் அந்தப் படத்தில் இல்லாத புள்ளி எதையும் தொடக்கூடாது. அச்சில் சற்று அசிங்கமாகத் தெரிந்தால் தெரியட்டும். நமது பத்திரிகைத் தாளில் மையே அதைவிடக் கூடுதலாகக் கசிகிறது.

இழுவை மடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2017 இல் நிறைவேறியது. அதற்கும் என் படத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த ஐந்து கோப்புகளும் இறுவட்டொன்றில் இன்னமும் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கழித்துப் பார்த்தேன். தொடுவானில் எஞ்சியவை பத்தொன்பது விளக்குகள்.