மைனஸ் 2.3



அக்காவின் மூளை பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டை குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ போட, அதில் "மைனஸ் 2.3" என்றிருந்ததைப் பார்த்து அரை மணி நேரத்தில் அல்சைமர் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். துபாயிலிருந்து ஒரு அழுகை வேறு. 34 வருஷம் கணக்கு எடுத்தவன் சும்மா இருக்க முடியவில்லை.

கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. சர்க்கரையைக் குறைவாக எடுக்கும் பகுதி படத்தில் மங்கும். கம்ப்யூட்டர் மூளையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டு எண் போடும். மைனஸ் 2.3 என்றால் சராசரிக்கு 2.3 திட்டவிலக்கம் கீழே. பத்தாம் வகுப்பில் நான் போட்டுக்காட்டிய அதே திட்டவிலக்கம்தான். பாதிப் பேர் தூங்கினீர்கள்.

இயல்நிலைப் பரவலில் நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அந்த எண்ணுக்குக் கீழே வருவார். பத்து இருபது பகுதிகளுக்கு எண் போட்டால் நல்ல மூளையிலும் எங்காவது ஒன்று விழலாம். ஆனால் அக்காவுக்கு விழுந்த இடம் பின் சிங்குலேட். அல்சைமரில் முதலில் மங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் கவலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

என் கோபம் ரிப்போர்ட்டின் மேல்தான். அக்காவுக்குச் சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அல்சைமரில் மங்கும் இடங்களே மங்கித் தெரியக்கூடும். ஊசி போட்டபோது சர்க்கரை எவ்வளவு? எழுதவில்லை. யாரோடு ஒப்பிட்டார்கள், அவர்கள் வயது என்ன? அதுவும் இல்லை. வகுப்பு சராசரியைச் சொல்லாமல் மார்க்கை மட்டும் அனுப்பும் பள்ளிக்கூடத்தை நீங்கள் சும்மா விடுவீர்களா?

எண்ணே வேண்டாம் என்பதல்ல. இரண்டு பக்கமும் ஒரே அளவில் லேசாகக் குறைந்தால் கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம், எண் பிடித்துவிடும். அமிலாய்டு ஸ்கேனுக்கு 2015-இல் சென்டிலாய்டு என்று ஒரு அளவுகோல் வந்தது. ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி 0, அல்சைமர் நோயாளிகளின் சராசரி 100. எந்த மருந்து ஏற்றி எடுத்தாலும் ஒரே கோலால் அளக்கலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

வியாழக்கிழமை சி.டி., சர்க்கரைக் கணக்கு நோட்டு எல்லாவற்றோடும் நரம்பியல் டாக்டரிடம் போகிறோம். நேற்று அக்காவே கேட்டாள், "தம்பி, நான் பாஸா?" என்று. அதுவரை போன் செய்கிறவர்கள் ஊர்க்கதை பேசுங்கள். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று யாரும் பரீட்சை வைக்காதீர்கள்.