பார்க்கிங் கட்டணம் வேணுமா, வேணாமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க



அரும்பாவூர்லேர்ந்து ஒரு விவசாயி எக்ஸ்எல்-ல பெரம்பலூர் வர்றார்னு வச்சுக்குங்க. சின்ன வெங்காயத்துக்கு மருந்து வாங்கணும், பேங்க் வேலை ஒண்ணு முடிக்கணும். அரை மணி நேரம் போதும். ஆனா கடைவீதியில வண்டி நிறுத்த இடமில்ல. காலையில கடை திறந்தவங்க வண்டி ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் அங்கேயே நிக்குது.

"பார்க்கிங் இலவசம்"னு சொல்றோமே, யாருக்கு இலவசம்? முதல்ல வந்து நாள் முழுக்க இடம் பிடிக்கிறவருக்கு மட்டும்தான்.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்ல. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் நிறுவியதும் இதே காரணத்துக்காகத்தான். அங்கே வேலை பார்க்கிறவங்க காரே நாள் பூரா நின்னதால, வாங்க வந்தவங்களுக்கு இடமில்லாம போச்சு. அதனால கட்டணம்னு சொன்னதுமே எதிர்க்கிறது நம்ம வேலை இல்ல. எவ்வளவு, யாருக்கு, அந்தக் காசு எங்க போகுதுன்னு கேட்கிறதுதான் நம்ம வேலை.

சென்னையைப் பாருங்க. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் காருக்கு மணிக்கு 60 ரூபாய், பைக்குக்கு 15 ரூபாய்னு வச்சாங்க. மற்ற இடங்களில் 20, 5. துணி எடுக்க 2 மணி நேரம் வர்றவர் 30 ரூபாய் கட்டிட்டுப் போயிடுவார். அதே கடையில 10 மணி நேரம் நின்னு வேலை பார்க்கிற தங்கச்சி ஸ்கூட்டியை அங்க நிறுத்தினா 150. மணிக்கு 5 ரூபாய்னாலும் ஒரு நாளைக்கு 50, மாசம் 26 நாளைக்கு 1,300 ரூபாய்! இதை அப்படியே தூக்கிட்டு வந்து பெரம்பலூர்ல வச்சா யாரால தாங்க முடியும்?

இன்னொண்ணு, வசூல். 2025 ஜூலையில் ஒப்பந்தம் முடிஞ்சதும், புது ஒப்பந்தம் வரும்வரை பார்க்கிங் இலவசம், யாராவது பணம் கேட்டா 1913-ல் புகார் சொல்லுங்கன்னு சென்னை மாநகராட்சியே அறிவிக்க வேண்டியிருந்தது. ஏலத்தில் பெருந்தொகை கட்டினவர் அதை நம்மகிட்டதானே எடுப்பார்? போர்டும் ரசீதும் இல்லாத இடத்துல அவர் சொல்றதுதான் ரேட்டு.

அதனால நம்ம ஊர்ல எப்போ கட்டணம் பேசினாலும், நாம கேட்க வேண்டியது இந்த நாலும்தான்:

1. கடைவீதியில பைக்குக்கு முதல் அரை மணி நேரம் இலவசம். அதுக்கு மேல மணிக்கணக்கு.
2. வேலைக்கு வர்றவங்களுக்கும், வண்டியை விட்டுட்டு திருச்சி பஸ் ஏறுறவங்களுக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குறைந்த விலையில் மாத பாஸ்.
3. கட்டணம், ஏலத்தொகை, ஒப்பந்தக்காலம் எல்லாம் பெரிய போர்டில். ரசீது இல்லையா, காசும் இல்லை.
4. வசூலாகும் பணம் அதே வீதிக்கு. நடைபாதை, விளக்கு, கழிப்பறை. அமெரிக்காவின் பாசடீனாவில் 1993-ல் இப்படித்தான் செஞ்சாங்க. பணம் கண்ணு முன்னாடி ரோட்டுல தெரிஞ்சதால கடைக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க.

கடைசியா நமக்கு நாமே ஒண்ணு சொல்லிக்கணும். கூட்டம், ஊர்வலம்னு வந்தா பாதி ரோட்டை அடைச்சு நிக்கிறது கட்சிக் கொடி கட்டின கார்தான். நம்ம கட்சி காரும் அதில் சேர்த்திதான். கட்டணம் வந்தா முதல் ரசீது நம்ம வண்டிக்குப் போடட்டும். அப்பதான் மத்தவங்ககிட்ட பேச நமக்கு வாய் இருக்கும்.

உங்க வீதியில எங்க நெரிசல், பஸ் ஸ்டாண்ட்ல எவ்வளவு வாங்குறாங்க, ரசீது தர்றாங்களா? கமெண்டில் போடுங்க. தொகுத்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாக் கொடுப்போம்.

#ரசீது_எங்கே #நம்ம_பெரம்பலூர்