11 இல் 4 போனால் 7: நான் சொன்ன ஒரு பிழையும் அதன் திருத்தமும்

 

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. "விஞ்ஞானம் ஏழு வானங்களைக் கண்டுபிடித்துவிட்டது" என்பது தலைப்பு. அதில் சொல்லப்படும் கணக்கு இதுதான்: இழைக் கோட்பாட்டின்படி பிரபஞ்சத்துக்கு 11 பரிமாணங்கள். நீளம், அகலம், உயரம், காலம் என்று எமக்குத் தெரிந்தவை 4. மிச்சம் 7. அந்த ஏழும்தான் ஏழு வானங்கள். கூடவே, ஜின்கள் வசிப்பதும் அந்த மறைந்த பரிமாணங்களில்தான் என்று ஒரு வரி. "சுப்ஹானல்லாஹ், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று முடிகிறது. "ஸேர், நீங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஆள்தானே, இதப்பத்திக் கொஞ்சம் எழுதுங்க" என்று நாலைந்து பேர் எனக்கும் அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காரணம், இதே கணக்கைப் பல வருடங்களுக்கு முன்னர் நானே பாடசாலையில் சொல்லியிருக்கிறேன்.

கல்வியியற் கல்லூரியை முடித்து நியமனம் கிடைத்த புதிது. காலைக்கூட்டத்தில் பேச அதிபர் பத்து நிமிடம் தந்தார். எங்கேயோ ஒரு சிறு புத்தகத்தில் வாசித்ததை வைத்துக்கொண்டு, 11 இலிருந்து 4 ஐக் கழித்து, "பார்த்தீர்களா பிள்ளைகளே, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்றேன். நல்ல கைதட்டல். பலர் பாராட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் எமது பிள்ளைகளோடு, மேலே றப்பர் தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள்.

அவர்களில் ஒரு பிள்ளை இப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு. தகப்பன் பால்வெட்டுபவர். பக்கத்தில் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இல்லாததால் கண்டியில் உறவினர் வீட்டில் நின்று படிக்கிறாள். போன விடுமுறையில் ஒரு விண்ணப்பப் படிவத்தில் கையொப்பம் வாங்க வீட்டுக்கு வந்தாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்:

"சேர், அன்னைக்கு அசெம்பிளியில 11ல 4 கழிச்சா 7னு சொன்னீங்க. ஆனா சில புத்தகத்துல 10 பரிமாணம்னு போட்டிருக்கு. 10ல 4 கழிச்சா 6 தானே வரும்? நீங்க ஏன் சேர் 11ஐ எடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. "அது பெரிய விசயம் புள்ள, நீங்க கெம்பஸ் போனா வெளங்கும்" என்று சமாளித்தேன். "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த "சரி சேர்" அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அவளது கேள்விக்கு உண்மையான பதில் ஒன்றுதான்: 7 வர வேண்டும் என்பதற்காகவே நான் 11 ஐ எடுத்தேன்.

அதன் பிறகு சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நான் பௌதிகவியல் பட்டதாரி அல்ல. எனக்கு விளங்கியதை விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

முதலில், மறைந்த பரிமாணம் என்றால் என்ன? அதை விளங்கிக்கொள்ள எமது மலையே போதும். எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல பக்கம் போகும்போது எதிர்மலையில் உள்ள றப்பர் மரங்களைப் பாருங்கள். தூரத்திலிருந்து ஒவ்வொரு மரமும் ஒரு கோடு. கோட்டில் மேலே போகலாம், கீழே வரலாம், வேறு திசை இல்லை. மரத்துக்குக் கிட்டப் போனால்தான் பட்டையில் சரிவாக வெட்டிய வெட்டு தெரியும். அந்த வெட்டின் வழியே பால் கீழே மட்டும் இறங்கவில்லை, மரத்தைச் சுற்றியும் போய்த்தான் சிரட்டையில் விழுகிறது. தூரத்தில் நின்றவருக்கு அந்தச் "சுற்றிப் போகும்" திசை இருப்பதே தெரியாது. அது வேறோர் உலகத்தில் இல்லை, அதே மரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கும் தூரத்துக்கு அது மிகச் சிறியது.

1919 இல் தியோடர் கலூசா எனும் ஜேர்மனியக் கணிதவியலாளர் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய யோசனையும் இப்படி ஒன்றுதான். இடத்துக்கு இன்னுமொரு திசை இருந்தால், ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கணக்கில் எழுதலாம் என்றார். அந்தக் கட்டுரை 1921 இல் வெளிவந்தது. 1926 இல் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் கிளைன், அந்தத் திசை அணுவை விடவும் எவ்வளவோ சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம், அதனால்தான் எமக்குத் தெரிவதில்லை என்று விளக்கினார்.

இழைக் கோட்பாடு வந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னர். துணிக்கைகள் புள்ளிகள் அல்ல, அதிரும் நுண்ணிய இழைகள் என்பது அதன் அடிப்படை. இழையின் அளவு என்று வழமையாகச் சொல்லப்படுவதை மீற்றரில் எழுதினால், தசமப் புள்ளிக்குப் பிறகு 34 பூச்சியங்கள் போட்டுத்தான் முதல் இலக்கத்தை எழுத வேண்டும். இத்தனை பரிமாணம் இருக்கட்டும் என்று விஞ்ஞானிகள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கை இல்லாவிட்டால் கணக்குக்குள்ளேயே முரண்பாடு வந்து கோட்பாடு உடைந்துவிடுகிறது. அதனால்தான் எடுத்தார்கள்.

எத்தனை என்பதில்தான் அந்தப் பிள்ளையின் கேள்வி வருகிறது. ஆரம்ப கால இழைக் கோட்பாட்டுக்கு 26 தேவைப்பட்டது. பின்னர் வந்த மீயிழைக் கோட்பாட்டுக்கு 10. 1995 இல் எட்வர்ட் விட்டன் முன்வைத்த எம் கோட்பாட்டில் 11. 1996 இல் தெஹ்ரானில் பிறந்த கும்ருன் வாஃபா முன்வைத்த எஃப் கோட்பாடு 12 பரிமாணங்களை வைத்துக் கணக்கெழுதுகிறது. எல்லாவற்றிலிருந்தும் 4 ஐக் கழித்துப் பாருங்கள்: 22, 6, 7, 8. வீடியோ தயாரித்தவரும் நானும் இந்த நான்கில் எமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்ற மூன்றையும் மறைத்துவிட்டோம். பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை விடையை முதலில் எழுதிவிட்டுப் பின்னால் கணக்கை அமைத்தால் நாம் புள்ளி கொடுப்போமா?

சரி, மறைந்த பரிமாணங்களை யாராவது கண்டிருக்கிறார்களா? இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆனால் தேடிய கதை நன்றாக இருக்கிறது.

ஒரு சிறு காந்தத்தை எடுத்து மேசையில் கிடக்கும் குண்டூசிக்கு மேலே பிடியுங்கள். ஊசி எழும்பி ஒட்டிக்கொள்ளும். கீழே முழுப் பூமியும் அதை இழுக்கிறது, மேலே விரல் நுனி அளவுக் காந்தம். காந்தம் வென்றுவிடுகிறது. ஈர்ப்பு ஏன் இவ்வளவு பலவீனம்? சென்னையில் பிறந்து, சிட்னி பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ராமன் சுந்தரம், லிசா ரன்டல் எனும் விஞ்ஞானியுடன் சேர்ந்து 1999 இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். மலையின் அடுத்த பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு எமது வீட்டுக்கு மெல்லியதாகக் கேட்கிறது. முஅத்தினின் குரல் மெல்லியது என்பதனால் அல்ல, இடையில் மலை இருப்பதனால். அதுபோல ஈர்ப்பும் உண்மையில் பலமானதாக இருக்கலாம், இடையில் வளைந்த இன்னொரு பரிமாணம் இருப்பதால் எம்மிடம் வந்து சேரும்போது நலிந்துவிடுகிறது என்றார்கள். 2019 இல் இருவருக்கும் துணிக்கைப் பௌதிகவியலின் உயரிய விருதான சகுராய் பரிசு கிடைத்தது.

அவர்கள் "கண்டுபிடித்துவிட்டோம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று சொல்லவில்லை. எங்கள் யோசனை சரியென்றால் இன்ன அடையாளம் கிடைக்க வேண்டும், தேடிப் பாருங்கள் என்றார்கள். சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சேர்ன் மோதுபொறியில் தேடினார்கள். (2017 இல் எமது நாடும் சேர்னுடன் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்திருக்கிறது.) ஹிக்ஸ் துணிக்கை 2012 இல் அங்கே கிடைத்தது. மறைந்த பரிமாணத்தின் அடையாளம் இதுவரை கிடைக்கவில்லை.

இன்னொரு தேடலும் நடந்தது. மறைந்த பரிமாணம் ஒரு மில்லிமீற்றர் வரைகூடப் பெரிதாக இருக்கலாம் என்று 1998 இல் வேறு மூவர் சொன்னார்கள். அப்படியானால் மிகக் கிட்டிய தூரத்தில் நியூட்டனின் ஈர்ப்பு விதி பிசக வேண்டும். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசை வைத்து வருடக்கணக்காக அளந்தது. 2020 இல் வெளியிட்ட முடிவில் சுமார் 52 மைக்ரோமீற்றர் வரை, அதாவது தலைமுடியின் பருமனிலும் குறைந்த தூரம் வரை, நியூட்டனின் விதி அப்படியே நிற்கிறது என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருட உழைப்பின் முடிவு "காணவில்லை" என்பது. அதை வெட்கப்படாமல் எழுதி வெளியிட்டார்கள். சோதிக்க முடியாத கோட்பாட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று இழைக் கோட்பாட்டை வெளிப்படையாக விமர்சிக்கும் பௌதிகவியலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே தீராத ஒரு விடயத்தை எங்கள் காலைக்கூட்டத்தில் நான் பத்து நிமிடத்தில் தீர்த்துவைத்தேன்.

இனி மார்க்க விடயம். நான் ஆலிம் அல்ல, ஒரு சாதாரண முஸ்லிமாகச் சொல்கிறேன். வானங்கள் ஏழு என்பது எமது ஈமான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதனால்தான் பயப்படுகிறேன். இப்படிப் பொருத்திப் பார்ப்பது இது முதல் தடவையல்ல. பழைய வானியலில் பூமியைச் சுற்றி சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்று ஏழு வட்டங்கள் இருந்தன. அந்தக் காலத்து அறிஞர்கள் சிலர் ஏழு வானங்கள் இவைதான் என்று விளக்கினார்கள். கணக்கு அழகாகப் பொருந்தியது. பிறகு 1543 இல் கொப்பர்னிக்கஸின் நூல் வந்து சூரியனை நடுவில் வைத்தது. 1781 இல் ஹேர்ஷல் யுரேனஸைக் கண்டார். வட்டமும் போனது, எண்ணிக்கையும் போனது. வேதம் போகவில்லை, விளக்கம்தான் போனது. ஆனால் அந்த விளக்கத்தை வேதம் என்றே நம்பி வளர்ந்த ஒரு பிள்ளை அந்த நேரத்தில் என்ன பாடுபட்டிருக்கும்?

அதே பழைய வானியல் மீது கேள்விகளை அடுக்கி ஒரு நூல் எழுதியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். தொலமியைப் பற்றிய சந்தேகங்கள் என்பதே அதன் பெயர். ஒளியைப் பற்றி அவர் எழுதியவற்றைப் பரிசோதனை செய்து பார்த்தே எழுதினார். எமது முன்னோரின் விஞ்ஞானப் பெருமையைப் பேசும் நாம், அவரது பெயரை எடுத்துக்கொண்டு அவரது சந்தேகத்தை விட்டுவிட்டோம்.

"ஸேர், இதைப் பார்த்து நாலு இளைஞர் தொழுகைக்கு வாறாங்க. ஏன் கெடுக்கிறீங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: மறைவானவற்றை நம்புவது எமது மார்க்கத்தின் அடிப்படை. அந்த மறைவு என்பது இன்னும் சிறிய அளவுகோல் வந்தால் தெரியும் மறைவு அல்ல. சேர்னில் அகப்பட்டால் உறுதியாகும், அகப்படாவிட்டால் ஆட்டம் காணும் என்ற நிலையில் ஈமானைக் கட்டிவைப்பது, ஆற்றோர மண்ணில் அத்திவாரம் போடுவது போன்றது. எங்கள் மாவட்டத்தில் மண்சரிவைப் பற்றி யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று. அந்த வீடியோவை ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்ப எம்மால் முடிந்தது. ஆனால் பௌதிகவியல் படிக்க ஒரு பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டியிருப்பதைப் பற்றி எந்தக் குழுவிலும் ஒரு வார்த்தை இல்லை. கணிதப் பிரிவில் படிக்க ஆசையிருந்தும் தமிழ்மொழி மூலம் ஆசிரியர் இல்லாததால் வேறு பாடம் எடுத்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன், முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும். குர்ஆனில் விஞ்ஞானம் இருக்கிறது என்று பேசிக்கொண்டே பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் இல்லாமல் ஆக்குகிறோம்.

ஆகவே மூன்று விடயங்கள். அந்த வீடியோவை இனி அனுப்பாதீர்கள், அனுப்பியவரோடு சண்டையும் பிடிக்காதீர்கள். பழைய மாணவர்களில் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம், பொறியியல் படிப்பவர்கள் விடுமுறையில் மாதம் ஒரு சனிக்கிழமை தரமுடியுமென்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். வகுப்பறைக்கு அதிபரிடம் நான் பேசுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது என்னுடைய வேலை. வரும் திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில், இன்ஷா அல்லாஹ், பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். 26, 10, 11, 12 என்று நான்கையும் எழுதி, நான்கிலிருந்தும் 4 ஐக் கழித்துக் காட்டி, அன்றைக்கு நான் சொன்னது பிழை என்று சொல்லப்போகிறேன். இந்த முறை கைதட்டல் வராது என்று தெரியும்.

அந்தப் பிள்ளைக்கும் நேற்று ஒரு செய்தி அனுப்பினேன். "மகள், உங்கட கேள்விதான் சரி. என்ட கணக்குத்தான் பிழை." கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "அப்போ அந்த 6 எங்க சேர் இருக்கு?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த முறை சமாளிக்கவில்லை. "தெரியாது மகள், நீங்க படிச்சு எனக்குச் சொல்லுங்க" என்று எழுதினேன்.