வாய்க்கட்டுப்பாடு மட்டும்தானா காரணம்?



"தண்ணீர் குடித்தாலும் எனக்கு உடம்பு வைக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர்கள் வாயைப் பொத்திக் கொண்டு சிரிப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் ஆக்கிய சோற்றை உண்ணும் இரண்டு சகோதரிகளில் மூத்தவள் பருத்தும், இளையவள் ஈர்க்குச்சி போன்றும் இருப்பதை நாம் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். அப்படியிருந்தும் மூத்தவளைத்தான் ஏசுகிறோம். கலியாணப் பேச்சு எழும் வயதில் இந்த ஏச்சு இன்னும் கூடுகிறது. மாப்பிள்ளை வீட்டார் வரும் முன்னர் பத்துக் கிலோவைக் குறைத்தாக வேண்டும் என்று பிள்ளையின் இராச் சாப்பாட்டையே நிறுத்தி விடும் உம்மாமாரும் இருக்கிறார்கள். இது சரிதானா?

முதலில் பரம்பரையைப் பார்ப்போம். டென்மார்க்கில் சிறு வயதில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரின் உடல் நிறையை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். அவர்களது பருமன், பெற்றவர்களின் பருமனோடு ஒத்துப் போயிற்று. உணவூட்டி வளர்த்தவர்களின் பருமனோடு ஒத்துப் போகவில்லை. 1990இல் கனடாவில் இருந்து இன்னொரு செய்தி வந்தது. ஒரே சாயலுடைய இரட்டையரான இளைஞர்கள் 12 சோடிகளுக்கு, 100 நாட் காலத்தில் 84 நாட்கள் வழமையை விட 1000 கலோரி அதிகமாக உணவு கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே மேலதிக உணவுதான். ஆனால் ஒருவருக்கு 4 கிலோவுக்குச் சற்றே மேல் கூடிற்று. இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல் கூடிற்று. ஒரு சோடியில் அண்ணனுக்குக் கூடிய அளவையொட்டியே தம்பிக்கும் கூடியிருந்தது.

எமது உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடக்கும் சுமையல்ல. அது லெப்டின் என்ற ஓமோனைச் சுரந்து, "கையிருப்புப் போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. இதற்குரிய பரம்பரை அலகை 1994இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து, இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இரு பிள்ளைகளிடம் இந்த அலகே பழுதடைந்திருப்பது தெரிய வந்தது. சொந்தத்துக்குள் மணமுடித்து வந்த குடும்பம் அது. அதில் எட்டு வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோ! எவ்வளவு உண்டாலும் பசி அடங்காத பிள்ளை. லெப்டின் ஊசி போடத் தொடங்கிய பின்னர் ஒரே வருடத்தில் 16 கிலோ குறைந்தது. ஏசியோ பூட்டி வைத்தோ அந்தப் பசியை யாரால் அடக்கியிருக்க முடியும்? இத்தகைய பழுது மிக அரிது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்குப் பல அலகுகள் சேர்ந்து சிறிது சிறிதாகவே நிறையைக் கூட்டுகின்றன. ஆகவே பரம்பரையைக் காரணம் காட்டி வட்டிலப்பத்தை வழித்துத் தின்ன யாருக்கும் இங்கே அனுமதி இல்லை!

இனி, இராச் சாப்பாட்டை நிறுத்திய பிள்ளைக்கு வருவோம். கொழுப்புக் குறையும் போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்றே விளங்கிக் கொண்டு பசியைக் கூட்டுகிறது. நிறையைக் குறைத்தவர்களின் பசி ஓமோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011இல் மெல்பர்னில் கண்டார்கள். நோன்பில் மெலிந்தவர்கள் பெருநாள் கழிந்து சில வாரங்களில் பழையபடி ஆவதை நாமே பார்த்திருக்கிறோமல்லவா?

மனம் படும் பாடு இதைவிடப் பெரிது. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடல் நிறையில் காற்பங்கு குறைந்தது. ஆனால் நாள் முழுதும் அவர்களது பேச்சும் கனவும் சாப்பாடாகவே இருந்தன. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரித்தார்கள், கோப்பையை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள், மனம் சோர்ந்தார்கள். தடை நீங்கிய பின்னர் எவ்வளவு உண்டும் திருப்தி வராதவர்களும் இருந்தார்கள். பலமான இளைஞர்களுக்கே இக்கதி என்றால், ஏச்சையும் கேலியையும் சேர்த்து விழுங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? எல்லோரும் உறங்கிய பின் சமையலறைக்குப் போய், மிச்சமிருக்கும் பராட்டாவை நின்ற நிலையிலேயே தின்பாள். "இன்றைய கட்டுப்பாடு கெட்டுத்தானே போயிற்று" என்று இன்னும் இரண்டைத் தின்பாள். பிறகு அழுவாள். ஒருவரின் உடலமைப்பைக் குறை சொல்லி அவர் இல்லாதபோது பேசுவது புறம் என்பது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். முகத்துக்கு நேரே, அதுவும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வைத்துச் சொல்வதை மட்டும் நாம் "நல்லதுக்குத்தானே" என்கிறோம்!

ஆகவே தாய்மாரே, பிள்ளையின் சாப்பாட்டை வெட்டாதீர்கள். தேநீருக்குப் போடும் சீனியை வீட்டில் எல்லோருக்குமாகக் குறையுங்கள். அவளுக்கு மட்டும் தனிச் சட்டி வேண்டாம். சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுங்கள். மாலையில் அவளோடு நீங்களும் நடவுங்கள். பரீட்சைக் காலத்திலும் வீட்டில் சச்சரவு உள்ள நாட்களிலும் அவள் அதிகமாக உண்பதாகத் தெரிந்தால், கோப்பையைப் பார்க்காமல் அவளது கவலையை விசாரியுங்கள். மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதோடு உடம்பும் வைத்தால், அல்லது களைப்போடு நிறை திடீரென்று கூடினால், வைத்தியரிடம் காட்டுங்கள். அவளாகவே வாந்தி எடுப்பது தெரிய வந்தாலும் தாமதிக்காதீர்கள்.

தராசை விட, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் அளவு நாடா பயன்மிக்கது. எமது பிராந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் அளவில் வந்தாலே இரத்தத்தில் சீனியைப் பரிசோதிப்பது நல்லது. மெலிந்தவர்கள் என்று நீங்கள் நினைப்பவர்களையும் அளந்து பாருங்கள். ஐரோப்பியரை விடக் குறைந்த நிறையிலேயே எம்மவர்களுக்கு நீரிழிவு வந்து விடுகிறது.