கட்டில் இருக்கிறது, தாதி எங்கே?

நாரந்தனையில் நடுநிசியில் ஒரு முதியவருக்கு மூச்சு முட்டுகிறதென்று வைத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை பக்கத்திலேதான் இருக்கிறது. அங்கே இரவு விடுதியைப் பார்க்கத் தாதியர் போதவில்லையென்றால், அவரைப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஆயினும் நாரந்தனையார் பாக்கியசாலிகள். அவர்களுக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவாருக்கோ முதலில் கடல், குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் தரை. வாடைக்காற்று கிளம்பிய இரவில் அந்த ஒரு மணி நேரத்துக்கும் உத்தரவாதம் இல்லை.

இத்தகைய இரவுகளை அறியாதவர்களே கட்டில்களை எண்ணி அறிக்கை எழுதுகிறார்கள். கட்டில் என்பது இரும்புச் சட்டமும் மெத்தையுமா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தாதி வாரத்தில் 40 மணி நேரம் உழைத்தால், விடுதியொன்றில் எந்நேரமும் ஒரேயொரு தாதி நிற்பதற்கே நால்வருக்கு மேல் வேண்டும். விடுமுறை, பிரசவம், சுகவீனம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஐவர். அந்த ஐவரில் இருவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால், விடுதி மூடப்பட்டதென்று எந்த வர்த்தமானியும் அறிவிக்காது. இரவில் நோயாளரை அனுமதிப்பது மெல்ல மெல்ல நின்றுபோகும். வருபவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவார்கள். பிறகு, வெறுமையாய்க் கிடக்கும் கட்டிலைச் சுட்டிக்காட்டி, “இங்கே நோயாளர் குறைவு, ஆளணி எதற்கு?” என்று அடுத்த அறிக்கை கேட்கும். பூட்டுப் போடாமலே மூடுகிற வித்தை இது!

2023இல் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் வைத்தியர்கள் வெளிநாடு சென்றதால் குழந்தைகள் விடுதியொன்று மூடப்பட்டது, நாடே பேசியது. தாதி போனால் யாரும் பேசுவதில்லை. எஞ்சியிருப்பவள் இருவர் வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.

போகிறவளைத் தேசத்துரோகி என்று திட்டுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அவளுடைய சம்பளத்தின் மதிப்பு வெகுவாகக் குறைந்தது. அவ்வாண்டிலேயே அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம்வரை வெளிநாடு செல்லலாமென்று அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது. பொதுப்பணத்தில் மூன்றாண்டு பயிற்றப்பட்ட கைகளைச் செல்வ நாடுகள் ஒரு சதமும் பயிற்சிச் செலவின்றிப் பெற்றுக்கொள்கின்றன. இதற்கென 2010இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நெறிக்கோவை வகுத்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகை நெறிக்கோவை!

எனினும் தீவகத்தின் நோய் 2022இல் தொடங்கியதன்று. 1990–91இல் போர் இவ்வூர்களைக் காலியாக்கியது. மீண்டவர்கள் சிலர், அவர்களுள்ளும் முதியோர் மிகுதி. வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வரும் தாதி, வந்த நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு நாள் எண்ணுகிறாள். பிள்ளைக்குப் பள்ளியில்லை, தங்க வசதியில்லை. அவளை எப்படிக் குறை கூறுவது?

மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் இதே சிக்கலை அன்றே கண்டார். 1847இல் வந்தவர் அவர். ஆங்கிலத்தில் கற்ற மாணவர் அரச உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமத்திலே தங்கக்கூடியவர்களை உருவாக்கும் எண்ணத்தோடு 1860களில் தமிழிலே கற்பிக்கத் தொடங்கினார். அவர் நோக்கம் மதப்பணி. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊரில் நிற்கக்கூடியவனுக்கே தொழிலைக் கற்பிக்க வேண்டுமென்று அந்த மிஷனரிக்குப் புரிந்தது. சுதந்திர நாட்டின் சுகாதாரத் திட்டக்காரருக்குப் புரியவில்லை.

இன்று தாதிப் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானம் வேண்டும். நாட்டின் பாடசாலைகளில் பத்தில் ஒன்றளவிலேதான் அவ்வகுப்பு உண்டு. தீவகக் கல்வி வலயத்திலோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. நயினாதீவுச் சிறுமி தாதியாக வேண்டுமானால் முதலில் ஊரைவிட்டுப் போகவேண்டும். போனவள் திரும்பவில்லையே என்று பிறகு வியக்கிறோம்!

தீவகப் பெண்களுக்குப் பயிற்சியில் தனி ஒதுக்கீடு, சொந்தத் தீவில் நியமனம், தங்க விடுதி ஆகியவற்றை அரசிடம் கேட்டே ஆகவேண்டும். கேட்கிற நம் கைகளும் சுத்தமாயிருக்கட்டும், ஆசிரியத் தோழர்களே. “அதிகஷ்டப் பிரதேசம்” என்று முத்திரை குத்தப்பட்ட ஊரிலிருந்து முதற்படகிலே கரையேறத் துடிப்பவள் தாதி மட்டுமா? அங்கே இரசாயனவியல் கற்பிக்க நியமனம் பெற்ற நம்மவரின் இடமாற்ற மனுக்கள் எத்தனை? அவற்றுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிய சங்கங்கள் எவை?