ஒரே தோள்வலி, இருவேறு காப்புறுதிகள்

சுவிற்சர்லாந்தில் தோள்மூட்டின் தசைநாண் கிழிந்து சத்திரசிகிச்சை செய்துகொள்ளும் இருவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பிசியோதெரபி ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அதன் செலவை யார் ஏற்பது என்பதை ஒரு சொல்லே தீர்மானிக்கின்றது. அச்சொல் ‘விபத்து’ அல்லது ‘நோய்’ என்பதாகும்.

விபத்து எனில், 1984இல் நடைமுறைக்கு வந்த விபத்துக் காப்புறுதிச் சட்டத்தின்படி, ‘சுவா’ போன்ற காப்புறுதி நிறுவனம் சிகிச்சைச் செலவை ஏற்கும். தொழிலாளியிடம் பங்குத்தொகை கேட்கப்படுவதில்லை. வேலை செய்ய இயலாதவருக்கு மூன்றாம் நாளிலிருந்து, காப்புறுதி செய்யப்பட்ட ஊதியத்தின் 80 வீதமும் கிடைக்கும்.

நோய் எனில், 1996 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவக் காப்புறுதிச் சட்டம் பொருந்தும். வளர்ந்தோர் தாம் தெரிவுசெய்த 300 முதல் 2500 பிராங் வரையான ‘பிராங்சீஸ்’ தொகையை முதலில் தாமே செலுத்த வேண்டும். மிகுதிச் செலவிலும் 10 வீதத்தை, ஆண்டுக்கு 700 பிராங் வரை, ஏற்க வேண்டும். கட்டாய மருத்துவக் காப்புறுதி இழந்த ஊதியத்தை ஈடுசெய்வதுமில்லை.

மாதக் கட்டணத்தைக் குறைக்க 2500 பிராங்கைத் தெரிவுசெய்த குடும்பம் இங்கேதான் இடறுகின்றது. நவம்பரில் சத்திரசிகிச்சை நடந்தால், ஜனவரியில் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பிசியோதெரபியின் பற்றுச்சீட்டுகள் வீட்டுக்கே வரும். செலவுக்கு அஞ்சிப் பயிற்சியை இடைநிறுத்துபவரின் தோள் இறுகிப்போகும் ஆபத்து உண்டு. சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் உழைப்பவருக்குக் கையை உயர்த்த முடியாமை என்பது வேலையை இழப்பதற்கு ஒப்பாகும்.

‘இது விபத்தன்று, வயதினால் வந்த தேய்மானம்’ என்று விபத்துக் காப்புறுதி நிறுவனம் கைவிரிப்பதும் உண்டு. அதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளத் தேவையில்லை. தசைநாண் கிழிவு சட்டத்தின் சிறப்புப் பட்டியலில் உள்ளது. 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அது பெரும்பாலும் தேய்மானத்தினாலோ நோயினாலோ ஏற்பட்டது என நிறுவும் பொறுப்பு காப்புறுதி நிறுவனத்தையே சாரும். ‘வெர்பூகுங்’ எனப்படும் எழுத்துமூலத் தீர்மானம் கிடைத்து 30 நாட்களுக்குள், கட்டணமின்றி, ஆட்சேபனை தெரிவிக்கலாம்.

பகுதிநேர வேலை செய்யும் தாய்மார் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணிநேரமாவது வேலை செய்தால்தான் வேலைக்கு வெளியே நேரும் விபத்துகளுக்கும் அவரது காப்புறுதி பொருந்தும். பல இடங்களில் சில மணிநேரம் வீதம் உழைப்போர், தமது மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் அவசியம்.

எனவே, விழுந்தாலோ சுமை தூக்குகையில் தோளில் வலி வெட்டினாலோ, பெற்றோர் அன்றே முதலாளிக்கு அறிவித்து, நடந்ததை மருத்துவரிடம் உள்ளபடி கூற வேண்டும். ‘வேலை செய்தால் வலிக்கத்தானே செய்யும்’ எனப் பொறுத்திருந்து பல வாரங்களின் பின் சொல்லப்படும் நிகழ்வை நிறுவுதல் கடினம்.

இந்நாட்டு மொழியில் கல்வி கற்ற இளையோருக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டுக்கு வரும் காப்புறுதிக் கடிதத்தைத் திறந்து, திகதியைக் குறித்து, பெற்றோருக்கு விளக்கிச் சொல்வதற்கு அரை மணிநேரம் போதும். பிள்ளைகளைத் தோளில் சுமந்து வளர்த்தவர்களின் தோள்களைக் காக்க, அந்த அரை மணிநேரத்தை இளையோர் தயங்காது வழங்க வேண்டும்.